சர்க்கஸ் கண்ணாடி

செப்டம்பர் 22, திங்கள்

பெங்களூரிலிருந்து ஆரோக்கியதாஸ் கூப்பிட்டார். அவருடைய குதிரைப் பந்தய மெஷினைக் கொடுத்துவிட்டு என் சர்க்கஸை எடுத்துக்கொள்ள அவருக்குச் சம்மதமாம். அடுத்த மாதம் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். பார்க்கட்டும். பார்க்கப் பார்க்க மதிப்பு ஏறும் பொருள் அது.

பிற்காலத்தில் என் பையன் யுவராஜ் இந்த டைரியைப் புரட்டினால் அவனுக்குப் புரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். அவனுக்கு இவை எல்லாமே பழைய இரும்பு. டிவி கேம் வருவதற்கு முந்தைய காலத்து விளையாட்டு மெஷின்கள் இவை. திரை கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மோட்டார், காயில், ரிலே, நிஜமான பித்தளை மணி, அவ்வளவுதான். பஞ்சாலை ஸ்பேர்ஸ் கடையை மூடியபின் எனக்கு இருக்கும் ஒரே கிறுக்கு. வடவள்ளி வீட்டு மாடி ஹாலில் நான்கு நிற்கின்றன. வாத்து சுடும் துப்பாக்கி மெஷின் ஒன்று. உருளும் பட்டையில் வரைந்த சாலை ஓட ஓட ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய கார் மெஷின் ஒன்று. பௌலிங் ஒன்று. நான்காவதுதான் சர்க்கஸ். இரும்புக் குண்டை ஸ்பிரிங்கால் அடித்து மேலே ஏற்றி, கீழே குழியில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டிய பின்பால் மெஷின்.

ஊட்டியில் ஒரு பழைய ஓட்டலை மூடியபோது வாங்கினேன். அதன் தலைப்பெட்டியில் பெரிய கண்ணாடி. கண்ணாடியின் உள்பக்கம் படம் தீட்டியிருக்கும். குதிரை மேல் நிற்கும் வெள்ளைக்காரி, கோமாளி, சிவப்பும் நீலமுமாகக் கூடாரம். பின்னால் பல்பு எரிந்தால் ஹாலே திருவிழா மாதிரி ஆகிவிடும். மெஷின் விலையில் பாதி அந்தக் கண்ணாடிக்குத்தான். ஒரிஜினல் படம் கீறல் இல்லாமல் இருப்பது இந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை. சேகரிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. கண்ணாடியின் உள்பக்கத்தில் ஈரம் படக்கூடாது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் இதைச் சொல்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டு முறுக்கு சாப்பிடுவார்கள்.

சாயங்காலம் மருமகள் தாரணி காபி கொண்டுவந்தாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இந்தம்மா கால்ல மெட்டி போட்டிருக்குதுங்க."

"அது ஷூ பக்கிள் அம்மிணி. அமெரிக்காவுல ஏது மெட்டி?"

"சரிங்க மாமா" என்றாள். அந்த "சரிங்க"வில் சரி இல்லை. காபி நன்றாக இருந்தது.

செப்டம்பர் 27, சனி

யுவராஜ் வைகாசியில் கல்யாணம் முடிந்த கையோடு டென்மார்க் போய்விட்டான். கடலுக்குள் காற்றாலை நிறுத்துகிற வேலை. விசா கிடைக்கும் வரை தாரணி என்னோடு. யுவராஜின் அம்மா போனபின் ஆண்பிள்ளை ஒருவன் நான்கு வருடமாகத் தனியாக இருந்த வீட்டில் புதுப்பெண்ணுக்கு எப்படிப் பொழுது போகும் என்று முதலில் கவலையாக இருந்தது. இப்போது அந்தக் கவலை இல்லை. சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி வைத்ததும் மாடிக்குப் போய்விடுகிறாள். நேற்று சர்க்கஸில் என் பழைய ரிக்கார்டைத் தாண்டிவிட்டாள்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு இந்த மெஷின் கொஞ்சம் இடம் கொடுக்கும். அது வழக்கம்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூசை. உழவர் சந்தையில் கூட்டம் தாங்கவில்லை. பொரி, கடலை, எலுமிச்சை, வெள்ளைப் பூசணி, வாழைக்கன்று எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் மாடியில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, நாலு பேரைக் கூப்பிட்டு, விளக்கு எரியவிட்டுக் காட்டுவேன். இந்த முறை சம்பந்தி வெள்ளிங்கிரியையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு அந்தக் கோடியில், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் பட்டறைப் பூசையைக் காலையிலேயே முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்வேன்.

சந்தனம் வாங்க மறந்துவிட்டேன் என்று மறுபடி கிளம்பும்போது தாரணி மாடிப்படியில் வாளியோடு நின்றாள். "நாளைக்கு நாலு பேர் வர்றாங்க அம்மிணி, மெஷினெல்லாம் பளிச்சுன்னு இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். வடவள்ளியில் சந்தனம் தீர்ந்து, பூமார்க்கெட் வரை போக வேண்டியதாகிவிட்டது.

அக்டோபர் 1, புதன்

பூசை முடிந்தது.

சர்க்கஸ் கண்ணாடி போய்விட்டது. தலைப்பெட்டி மேல் தூசிக்காகப் போட்டிருந்த துணியை விலக்கி விளக்கைப் போட்டேன், படம் இல்லை. வெறும் பல்புகளும் ஒயர்களும் பல்லைக் காட்டின. ஓரத்தில் கோமாளியின் பாதி முகம் மட்டும் மிச்சம்.

கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். யாராக இருந்தாலும் போடுவார்கள்.

சம்பந்தி ஏதோ அவசர வேலை என்று சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார். ஆயுத பூசை அன்று பட்டறைக்காரருக்கு என்ன அவசர வேலையோ.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. தாரணி பொங்கல் வைத்து, சாம்பார் வைத்து, எனக்குப் பரிமாறிவிட்டுச் சமையலறையிலேயே இருந்தாள். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"எங்க பட்டறையில பூசைக்கு மூடியெல்லாம் கழட்டி உள்ள தொடச்சிட்டுத்தானுங்க பொட்டு வெப்பாங்க. உள்ள அழுக்க வெச்சுட்டு வெளிய பொட்டு வெச்சா அப்பா வைவாருங்க. சாவி மெஷின்லயே தொங்குச்சுங்க மாமா. கண்ணாடிய எறக்கி ஈரத்துணியில பூராவும் தொடச்சனுங்க. துணிய அலசறப்ப வாளியில கலரு வந்ததும்தான் நிறுத்துனனுங்க. ஆனா அதுக்குள்ள எல்லாம் போயிருச்சுங்க. உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரலீங்க."

வாளித் தண்ணீர் ஊதா நிறத்தில் இன்னும் பின்கட்டில் இருக்கிறது. துணியும் கிடக்கிறது. எனக்கு அதை எடுத்துப் போட மனசு வரவில்லை. அந்தத் துணியில்தான் இப்போது சர்க்கஸ் இருக்கிறது.

சாயங்காலம், "அம்மாவப் பாத்துட்டு வர்றேனுங்க மாமா" என்றாள். ஆட்டோ வந்தது. அம்மாவைப் பார்க்கப் போகிறவளுக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. ஸ்பேர் சிலிண்டரை மாட்டத் தெரியாமல் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். காயில் சுற்றத் தெரிந்தவனுக்கு இது வரவில்லை. காபி வாயில் வைக்க வழியில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

யுவராஜ் கூப்பிட்டான்.

"அப்பா, தாரணி எதுக்குப்பா அங்க போயிருக்கா?"

"தீபாவளி வருதில்ல. தல தீபாவளி. அம்மாவுக்கு ஒத்தாசைக்கு."

"அதுக்கு இன்னும் நாளிருக்கே?"

"பொம்பளைங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீ டிக்கெட் போட்டியா?"

போட்டுவிட்டானாம். பதினெட்டாம் தேதி வருகிறான். அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நானாக எதற்குச் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 7, செவ்வாய்

மாடிக்குப் போய் எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டேன். ஓடாமல் கிடந்தால் ரிலே முனைகளில் கறை பிடிக்கும். துப்பாக்கி ஓடியது, கார் ஓடியது, பௌலிங்கில் ஒரு பல்பு மாற்றினேன். சர்க்கஸை மட்டும் போடவில்லை.

பழைய மெஷின்களில் ஸ்கோர் எழுதிய சக்கரங்கள் உண்டு. கரண்டை நிறுத்தினாலும் கடைசியாக ஆடியவரின் ஸ்கோர் அப்படியே நிற்கும். அடுத்த ஆட்டத்துக்குப் பொத்தானை அமுக்கினால்தான் எல்லாம் உருண்டு பூஜ்யத்துக்கு வரும். கண்ணாடியில் படம் போனதால் அந்தச் சக்கரங்கள் இப்போது பளிச்சென்று தெரிகின்றன. நாலாயிரத்துச் சொச்சம். அவள் பூசைக்கு முந்தின நாள் ஆடியது. அது புது ரிக்கார்டு.

பொத்தானை அமுக்கினால் மோட்டார் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மதியத்தில் தூங்குவார்கள். அதனால்தான் போடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுச் சின்னராஜ் வாத்தியார் பிடித்துக்கொண்டார். ரிட்டயர் ஆனாலும் வகுப்பை விடாத மனிதர். பூசையன்று மாடிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர்.

"சம்பந்தி வீட்டுல தீபாவளிக்கு அழைக்க வந்தாங்களா?"

"வருவாங்க."

"வரமாட்டாங்க சென்னியப்பன். நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படிச் சொன்னேன்?"

சர்க்கரைப் பையைக் கீழே வைத்துவிட்டு, என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "யாரு இதத் தொடச் சொன்னது? கிரீசுக்குள்ள பொறந்து வளந்ததுக்கு இதோட மதிப்பு என்ன தெரியும்? உங்கொப்பன் பட்டறை இரும்புன்னு நெனச்சியா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவளத்தானே சொன்னேன். அவரையா சொன்னேன்?" என்றேன்.

"அவரு கையில பொரித் தட்டோட உங்க பக்கத்துலதான் நின்னாரு" என்றார் வாத்தியார்.

வீட்டுக்கு வந்தபின்தான் பாமாயில் வாங்காமல் வந்தது தெரிந்தது. தலை தீபாவளிக்குப் பெண் வீட்டார் தட்டோடு வந்து மாப்பிள்ளையையும் அவன் பெற்றவர்களையும் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வராமல் இருந்தால் ஊரே கேட்கும். யுவராஜும் கேட்பான். எனக்கென்ன, அவர்கள் வழக்கத்தை மீறினால் அது அவர்கள் குறை.

இந்த வீட்டில் கடிகாரச் சத்தம் இவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 11, சனி

ஆரோக்கியதாஸ் வந்தார். இவரிடம் கண்ணாடி போனதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. வந்த மனிதருக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, மாடிப்படியில் ஏறும்போதுதான் சொன்னேன்.

பாவம், முகம் வாடிவிட்டது. ஆனால் தொழில் தெரிந்தவர். முதலில் பெட்டியின் மரத்தைத் தட்டிப் பார்த்தார். குண்டு உருளும் பலகையில் பெயிண்ட் தேய்ந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். "ஓட்டம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அமுக்கிவிட்டார். சக்கரங்கள் கடகடவென்று உருண்டு பூஜ்யத்தில் நின்றன. எனக்குச் சுருக்கென்றது. அவர் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். ஒரு மெஷினைப் பார்க்க வந்தவர் அதை ஓட்டிப் பார்க்காமல் என்ன செய்வார்?

பிறகு கண்ணாடியை இறக்கினார். விரலால் ஓரத்தைத் தடவினார். மிச்சமிருந்த கோமாளிக் காதை நகத்தால் சுரண்டினார்.

"இத எதுல சார் தொடச்சாங்க? தின்னரா?"

"தண்ணியில."

"சோப்பு?"

"வெறும் தண்ணி."

"அந்தத் துணி இருக்கா?"

பின்கட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். ஒரு மூலையை நனைத்துப் பிழிந்தார். நீலத் தண்ணீர் சொட்டியது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரிஜினல்ல படம் அச்சு மையில இருக்கும். பழசானா உதிரும். தண்ணியில இப்படிக் கரையாது. இது பவுடர் கலர், பசை போட்டு வரைஞ்சது. கண்ணாடியும் ஜன்னலுக்குப் போடுற கண்ணாடிதான், ஓரம் கையால வெட்டியிருக்கு பாருங்க. ஒரிஜினல் எப்பவோ உடைஞ்சிருக்கும். யாரோ பேனர் ஆர்ட்டிஸ்ட்ட பிடிச்சு வரைய வெச்சிருக்காங்க."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியபோது எடுத்த போட்டோவை போனில் காட்டினேன். அவர் அதை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனார். வெள்ளைக்காரியின் முகம், பாவாடை, கால்.

"இந்தம்மா மெட்டி போட்டிருக்கு சார்" என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கண்ணாடியைக் காட்டி எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்! திருப்பூர்க்காரர் ஒருவர் வைத்திருந்த மெஷினை "இது டூப்ளிகேட்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவன் நான்.

குதிரைப் பந்தயம் வராது என்று ஆரோக்கியதாஸ் சொன்னார். கண்ணாடி போகாமல் இருந்திருந்தாலும் அவர் கண்டுபிடித்திருப்பார். கால் பங்கு விலைக்கு வேண்டுமானால் சர்க்கஸை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்குள் வேறு ஒன்று துள்ளியது. கண்ணாடி போலி. போலி என்றால் நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லையென்றால் தாரணி மேல் தப்பே இல்லை! நாளைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு கிலோ மைசூர்பாகோடு கணபதிக்குப் போனேன். பட்டறைக்குப் பின்னால் வீடு. ஞாயிறு என்பதால் பட்டறை பூட்டியிருந்தது. வெள்ளிங்கிரி "வாங்க" என்றார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், "ஒரு எடம் போவோணும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வந்த விருந்தாளியை விட்டுவிட்டு அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தார். திரும்பும்போது பார்த்தேன்.

தாரணியும் அவள் அம்மாவும் எதிரே உட்கார்ந்தார்கள். நான் எல்லாவற்றையும் ஒரு பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடி, பவுடர் கலர், மெட்டி. "நீதானம்மிணி மொதல்லயே கண்டுபிடிச்சது!" என்று சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

"ஆகமொத்தம் உன் மேல தப்பே இல்ல. கண்ணாடி ஒரிஜினலே இல்ல. பெட்டிய எடு, போலாம்."

தாரணி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

"ஒரிஜினலா இருந்திருந்தா வந்திருப்பீங்களா மாமா?"

"அதான் இல்லையே அம்மிணி."

"இருந்திருந்தா?"

அவள் அம்மா, "சும்மா இரு புள்ள" என்றார். காபி டம்ளரை எடுத்தேன். அதில் காபி தீர்ந்திருந்தது. தீர்ந்த டம்ளரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

அடுப்படிக் குழாய் ஒழுகியது. வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. யுவராஜுக்கு வேட்டி எடுக்கப் போனேன். கடைப்பெண், "மருமகளுக்குச் சேலை பாக்கறீங்களா சார்?" என்றாள். பார்த்தேன். எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டாள். அவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மெஷினைப் பார்த்தால் எந்த வருடம், எந்தப் பாகம் மாற்றியது, எத்தனை கை மாறியது என்று சொல்லிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொள்வது உண்டு.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? யுவராஜ் படித்தாலும் படிக்கட்டும்.

மெஷினெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னது நான். அவள் கையில் வாளி இருந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். சாவியை மெஷினில் விட்டுவிட்டுப் போனதும் நான். உள்பக்கம் ஈரம் படக்கூடாது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னேனே தவிர அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு அது எதற்கு என்று நினைத்திருப்பேன். அல்லது நினைக்கவே இல்லை. பூசையன்று படம் இல்லை என்று பார்த்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, அவமானம். நாலு பேர் முன்னால் வெறும் பல்பைக் காட்டிவிட்டேனே என்ற அவமானம். அதை அப்படியே எடுத்து அவள் அப்பா தலையில் கொட்டினேன். அவர் பட்டறையில் சம்பாதித்த காசில்தான் அவள் படித்தாள், கல்யாணம் நடந்தது. பொரித் தட்டை அவர் மெதுவாகக் கீழே வைத்ததைப் பார்த்தேன். சத்தமே வராமல் வைத்தார். அதையும் பார்த்துவிட்டுத்தான் அவசர வேலை என்று எழுதியிருக்கிறேன்.

அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

மைசூர்பாகு எதுவும் வாங்கவில்லை. கையை வீசிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான் வேலை நாளில் போனேன்.

பட்டறையில் நான்கு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிங்கிரி ஒரு பம்ப் ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தன் மெஷினை மட்டும் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் பேச ஆரம்பித்தேன். மற்ற மெஷின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வீட்டுக்குள்ள போயிரலாங்க" என்றார் சைகையோடு.

"வேண்டாங்க சம்பந்தி. எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க."

"ஏனுங்க?"

"சித்தெ நிறுத்தச் சொல்லுங்க."

ஒவ்வொன்றாக நின்றது. வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் ஓய்ந்தது. கடையில் முப்பது வருடம் கத்திப் பேசியவன், சத்தம் இல்லாத இடத்தில் பேச வராமல் நின்றேன்.

"அன்னைக்கு என்ற வீட்டுல நாலு பேர் முன்னால உங்களையும் உங்க தொழிலையும் கேவலமாப் பேசீட்டனுங்க. அதான் இங்கயும் நாலு பேர் முன்னால சொல்றேன். தப்பு என்ற மேல. தொடைக்கச் சொன்னதே நான்தானுங்க. கண்ணாடி ஒரிஜினலோ டூப்ளிகேட்டோ, அந்தப் பேச்சு பேசுனது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

கும்பிட்டேன். அவர் உடனே என் கையைப் பிடிக்கவில்லை. பஞ்சுக் கழிவால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நகக்கண் வரை துடைத்தார்.

"தீபாவளிக்கு அழைக்கத் தட்டெல்லாம் வாங்கி வெச்சாச்சுங்க" என்றார். "ரெண்டு தடவை கெளம்பி, தடாகம் ரோடு வரைக்கும் வந்துட்டுத் திரும்பீட்டோம். உங்க வீட்டுப் படி ஏறக் கால் வரலீங்க எனக்கு. நான் கேட்டது பரவால்லீங்க. என்ற புள்ள பக்கத்துல நின்னு கேட்டுது பாருங்க, அதான்."

"தெரியுமுங்க."

"வெள்ளிக்கிழமை வர்றோமுங்க" என்றார். அதற்கப்புறம்தான் என் கையைப் பிடித்தார். அவர் கை சூடாக இருந்தது.

திரும்பினால் பட்டறை வாசலில் தாரணி. வேலை நேரத்தில் சத்தம் நின்றதால் யாருக்கோ கையில் அடிபட்டுவிட்டது என்று பயந்து ஓடிவந்திருக்கிறாள். கையில் கரண்டியோடு மூச்சு வாங்க நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாமே கேட்ட மாதிரி இருந்தது.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டியே அம்மிணி" என்றேன்.

"ஆமாங்க."

"ஒரிஜினலா இருந்திருந்தாலும் வந்திருப்பேன். ஆனா இப்ப வந்திருக்க மாட்டேன். மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு, தீபாவளியெல்லாம் போனப்புறம், வேற வழியில்லாம வந்திருப்பேன். உன்ற மாமன் அவ்வளவுதான் அம்மிணி. பொய் சொல்லத் தெரில."

வேலையாள் ஒருவர் தும்மலை அடக்குவது போல் வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளிங்கிரி ஷாஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரணி கரண்டியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நானும் தீபாவளியெல்லாம் போனப்புறமே வர்றேனுங்க மாமா" என்றாள்.

சொல்லிவிட்டு, எனக்குக் காபி போட உள்ளே போனாள்.